சத்துவாச்சாரி மாடி வீடு: 9,000-த்தை 12,000 ஆக்கலாமா?

சத்துவாச்சாரி ஓனர்:
மாடியில் ரெண்டு பெட்ரூம், வாடகை 9,000. குடியிருக்கும் பெண் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில் நர்ஸ், கணவர், ஒரு பையன். நாலு வருஷமாக 5-ஆம் தேதி தாண்டியதே இல்லை. பக்கத்துத் தெருவில் இதே அளவு வீடு 12,000. அடுத்த மாதம் அக்ரிமெண்ட் முடிகிறது, 12,000 வாடகை, தண்ணீருக்குத் தனியாக 300, அட்வான்ஸில் இன்னும் 20,000 என்று புதுசாகப் போடலாமென்று இருக்கிறேன். நல்லவர்கள், கிளம்பிவிடுவார்களோ என்றுதான் யோசனை.

காட்பாடி குடித்தனம்:
கிளம்பத்தான் செய்வார்கள். நாலு வருஷம் ஒரு ரூபாய் கூட ஏற்றாமல் இருந்துவிட்டு மூன்றையும் ஒரே நாளில் தலையில் போட்டால் எந்தக் குடும்பம் தாங்கும்? காலி பண்ணினால் வெள்ளையடிக்கணும், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, ரெண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் 18,000 போச்சு. வருஷத்துக்கு 36,000 கூடும் என்று கணக்குப் போடுகிறீர்கள், முதல் வருஷம் அது இதற்கே சரியாகிவிடும்.

தோட்டப்பாளையம் பாய்:
ரெண்டாவது வருஷத்திலிருந்து 36,000 ஓனர் கைக்குத்தானே வரும்? அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? வீட்டு வரி, மோட்டார் காயில், தொட்டி சுத்தம் பண்ணுவது எல்லாம் நல்ல குடித்தனம் என்பதற்காகக் குறைகிறதா என்ன. எங்கள் பக்கம் சிஎம்சிக்கு வருகிற கொல்கத்தா ஆட்களுக்கு நாள் வாடகைக்கே விடுகிறார்கள். நீங்களும் விடலாம்.

காட்பாடி குடித்தனம்:
பாய், அது உங்கள் ஏரியா. ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரம்தான் அவர்கள் தேடுவார்கள், சத்துவாச்சாரிக்கு ஆட்டோ பிடித்து யார் வருவது? விஐடி காலேஜ் பசங்களுக்கு விட்டால் வாடகை கூடுதலாகத் தருவார்கள், அப்புறம் மாடிப்படி முழுக்க பைக்தான்.

பாகாயம் அக்கா:
வாடகையை விட இந்த 300-தான் சண்டையை இழுக்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாடிக்குத் தனி கரண்ட் மீட்டர் இருக்கா? சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினால், ரெண்டு மாதத்துக்கு அரசாங்கம் தருகிற 100 யூனிட் இலவசம் அந்தப் பெண் கைக்குப் போகாது. அதற்கு மேல் தண்ணீர்க் காசும் கேட்டால் எரிச்சல் வராதா? அட்வான்ஸும் அப்படித்தான். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. ஏற்கனவே எவ்வளவு வாங்கி வைத்திருக்கிறீர்கள் தம்பி?

சத்துவாச்சாரி ஓனர்:
50,000. மீட்டர் ஒன்றுதான்.

பாகாயம் அக்கா:
அதுவே ஐந்து மாத வாடகைக்கு மேல்! அட்வான்ஸ் பேச்சையே எடுக்காதீர்கள். 10,000-க்கு ஏற்றுங்கள், அடுத்த ரெண்டு வருஷம் எவ்வளவு கூடும் என்பதையும் இப்போதே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எழுதினதை வாடகை அதிகாரியிடம் ஆன்லைனில் பதிவும் பண்ணணும், 11 மாதப் பத்திரம் என்றாலும்.

தோட்டப்பாளையம் பாய்:
10,000 ரொம்பக் கம்மி அக்கா. 11,000 கேட்டுப் பார்க்கட்டும், அவர்களும் வெளியில் விசாரிப்பார்கள் இல்லையா? அந்த வாடகைக்கு வேறு வீடு கிடைக்காது என்று தெரிந்தால் தானாக இருப்பார்கள்.

காட்பாடி குடித்தனம்:
போக இடமில்லை என்று இருக்கிற குடித்தனம் 5-ஆம் தேதி வாடகை தருமா பாய்?

சத்துவாச்சாரி ஓனர்:
சரி, தண்ணீர்க் காசு, அட்வான்ஸ் ரெண்டையும் விட்டுவிடுகிறேன். தனி மீட்டருக்கு மனு போடுகிறேன். வாடகை 10,500. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணுக்கு டியூட்டி இல்லை, அன்றைக்கு மேலே போய்ப் பேசுகிறேன்.

தோட்டப்பாளையம் பாய்:
11,000-த்தில் ஆரம்பியுங்கள் சார், 10,500-ல் முடியும்.