"பார்க்கலாம்" என்று சொன்னால் கார் கை மாறிவிடுமா?

செடியா கோவை:
நேற்று இந்தக் கார் மன்றத்தின் இன்னொரு இழையில் ‘நாலாவது கியர்’ எழுதியிருந்தார்: "ஆசைப்பட்டுக் கேட்கிறவனிடம் ‘பார்க்கலாம்’ என்று சொல்லிவிட்டு, அப்புறம் காரைத் தராதவன் வாக்கு மாறியவன்." பெயர் போடவில்லை. ஆனாலும் அது யாருக்கு என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

என்னுடையது 2008 மிட்சுபிஷி லான்சர் செடியா கார். திருவள்ளூர் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் இருந்து வந்தது. 2 லிட்டர் பெட்ரோல், 115 குதிரைத்திறன். 2023-இல் 15 வருடம் முடிந்ததும் 5,000 ரூபாய் கட்டணம் கட்டி, வண்டியைக் காட்டி, ஆர்சியை 2028 வரை புதுப்பித்தேன். விற்கிற எண்ணம் இருந்தால் அந்த அலைச்சல் எதற்கு?

காலையில் என்னோடு ஷட்டில் ஆடுகிற ஒருவர் மூன்று வருடமாக இந்தக் காரைக் கேட்கிறார். நல்ல மனுஷன்தான். செருப்பை ஒன்றோடொன்று தட்டி மண்ணை உதிர்த்துவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார். பொள்ளாச்சியில் ஒரு கல்யாணப் பந்தியில், ரசம் ஊற்றுகிற நேரத்தில், "அண்ணா, எப்பக் கொடுத்தாலும் எனக்குத்தானுங்களே?" என்றார். "பார்க்கலாம்" என்றேன். அவ்வளவுதான். போன வாரம் வீட்டு முன்னால் இந்தக் காருக்கென்று தகர ஷெட் போட்டு போட்டோ அனுப்பியிருக்கிறார்.

நாலாவது கியர்:
நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். பந்தியில் நாலு பேர் காது கேட்க "பார்க்கலாம்" சொன்னீர்கள். தர மனமில்லை என்றால் "இல்லை" என்று ஒரு வார்த்தை. இலையில் இருந்த ரசம் ஆறிப்போயிருக்காது.

கரூர் மாமன்:
பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் "பார்க்கலாம்" என்று சொன்னால் அடுத்த நாளே பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிடுவீர்களா கியர்? நம் ஊரில் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல முடியாமல் சொல்கிற வார்த்தை அது. சின்னப் பையனுக்கும் தெரியும்.

நாலாவது கியர்:
எங்கள் மதுரைப் பக்கம் "பார்க்கலாம்" என்றால் பார்த்து முடித்துத் தருவோம் என்று அர்த்தம். கோவையில் "ங்க" போட்டுப் பேசினால் சொன்ன சொல் இல்லை என்று ஆகிவிடுமா?

திருவள்ளூர் வாசி:
ஒரு சந்தேகம். தலைப்பைப் பார்த்து ஸ்போர்ட்ஸ் கார் பகுதிக்குள் வந்தேன். செடியா நாலு கதவு செடான், குடும்பக் கார். இது ஏன் இந்தப் பகுதியில் இருக்கிறது?

செடியா கோவை:
தேசிய ராலியில் எம்ஆர்எஃப் அணி எதை ஓட்டியது? இந்தச் செடியாவைத்தான். பின்சக்கரத்துக்கு மல்டிலிங்க் சஸ்பென்ஷன். வால்பாறை ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஒரு வளைவு எடுத்துப் பாருங்கள், அப்புறம் கதவை எண்ணுங்கள்.

திருவள்ளூர் வாசி:
ராலியில் மாருதி ஜிப்சியும்தான் ஓடியது. அதுவும் ஸ்போர்ட்ஸ் காரா? அந்த ஆலையில் இப்போது சிட்ரோயன் கார் செய்கிறார்கள். வண்டியைச் செய்து விற்றவனே போய்விட்டான், பார்ட்ஸுக்கு எங்கே போவீர்கள்? ஆசைப்படுகிறவர் இருக்கும்போதே கொடுத்துவிடுவது நல்லது. பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் வேறு. 2008 வண்டியின் ரப்பர் குழாய்கள் அதற்கென்று செய்யப்பட்டவை இல்லை.

ரேஸ்கோர்ஸ் அக்கா:
எல்லோரும் ஒரு வார்த்தையைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். தம்பி செடியா, கொடுக்கிறாயோ இல்லையோ, ஒன்று மட்டும் கேள். தெரிந்தவர்தானே என்று பெயர் மாற்றாமல் சாவியைக் கொடுத்துவிடாதே. பெயர் மாற்றுகிற படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, ஒரே மாநிலம் என்றால் 14 நாளுக்குள் நீ ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. என் தம்பி ஒரு பழைய மாருதி எஸ்டீமை இப்படித்தான் பழகின ஒருவருக்குக் கொடுத்தான். வண்டி மூன்று கை மாறியது. சம்மன் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தது.

நாலாவது கியர்:
அக்கா, அது விற்ற பிறகு வருகிற விஷயம். என் கேள்வி ஒன்றுதான். பந்தியில் "பார்க்கலாம்" சொன்னாரா, இல்லையா? ஷெட் போட்ட காசு யாருடையது?

கரூர் மாமன்:
ஷெட் போடச் சொன்னது யார்? அட்வான்ஸ் என்று ஒரு 101 ரூபாயாவது கை மாறியதா? வெற்றிலை பாக்கு மாற்றினார்களா? ஒன்றும் இல்லை. ரசம் மட்டும்தான்.

நாலாவது கியர்:
பணம் வாங்கினால்தான் வாக்கு என்று நினைக்கிறவரிடம் என்ன பேசுவது? செடியா, இன்னொன்றையும் எழுதுங்களேன். பழனிக்குப் போகும்போது அவரிடம் சாவியைக் கொடுத்து ஓட்டச் சொன்னீர்கள். அந்தப் பயணத்துப் போட்டோவுக்குக் கீழே நீங்களே எழுதியது: "வண்டிக்கு ஏற்ற கை."

செடியா கோவை:
ஓட்டினார். உடுமலை தாண்டியதும் கேட்டார், கொடுத்தேன். கிளட்சை அவ்வளவு பதமாக விட்டார். கியர் மாற்றும்போது இரண்டு விரலால்தான் தள்ளினார், என்னைப் போலவே. அதைப் பார்த்து எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நல்ல கை என்றுதான் எழுதினேன். அந்தக் கைக்குக் கொடுக்கிறேன் என்று எழுதவில்லை.

என் மகள் நாலு வயதில் டேஷ்போர்டில் ஒட்டிய மயில் ஸ்டிக்கர் இன்னும் இருக்கிறது. கழுத்து மட்டும் உரிந்துவிட்டது. இப்போது அவள் விடுதியில் இருந்து படிக்கிறாள். போனில் முதலில் "மயில் இருக்காப்பா?" என்றுதான் கேட்பாள்.

நாலாவது கியர்:
மயிலை உரித்து எடுத்துக்கொண்டு காரைக் கொடுங்கள்.

ரேஸ்கோர்ஸ் அக்கா:
இப்படிப் பேசாதே கியர். உனக்கு இதில் என்ன இவ்வளவு கோபம்?

நாலாவது கியர்:
சொல்கிறேன் அக்கா. ஒருவர் தன்னுடைய ஃபியட் பாலியோ 1.6 காரை எனக்குத் தருவதாக இரண்டு வருடம் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய் அந்த வண்டிக்கு நான்தான் பேட்டரித் தண்ணீர் ஊற்றினேன். ஒரு திங்கட்கிழமை போனால் வண்டி இல்லை. புரோக்கருக்கு, என்னிடம் பேசியதைவிட 15,000 கூட வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார். அன்றைக்கு வாசலில் கிடந்த ஆயில் கறையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதனால்தான் கேட்கிறேன், சொன்னாரா இல்லையா?

கரூர் மாமன்:
அவர் மேல் இருக்கிற கோபத்தை இவர் மேல் காட்டாதீர்கள். வாக்கைப் பற்றிப் பேசுகிறீர்களே, போன தீபாவளிக்கு என்னிடம் முன் பம்பர் வாங்கினீர்கள். பாக்கி 1,500 இன்னும் வரவில்லை. "அனுப்பிவிடுகிறேன் மாமா" என்றது யார்?

நாலாவது கியர்:
அந்த பம்பரில் கிளிப் இரண்டு உடைந்திருந்தது. அன்றைக்கே சொன்னேன்.

கரூர் மாமன்:
உடைத்தது லாரி ஆபீஸ்காரன். பார்சல் பிரிக்கிற போட்டோ அனுப்பச் சொன்னேன், அனுப்பினீர்களா?

திருவள்ளூர் வாசி:
இந்த இழையை செடான் பகுதிக்கு மாற்றச் சொல்லி நிர்வாகிக்கு எழுதியிருக்கிறேன்.

செடியா கோவை:
மாற்றிக்கொள்ளுங்கள். நாளை காலை 6 மணிக்கு அவர் ஷட்டிலுக்கு வருவார். ஷெட்டைப் பற்றிக் கேட்பார். டைமிங் பெல்ட் மாற்ற வியாழக்கிழமைக்கு மெக்கானிக்கிடம் சொல்லிவைத்திருக்கிறேன், அதற்கும் கூட வருகிறேன் என்றிருக்கிறார்.

நாலாவது கியர்:
அதற்கு என்ன பதில் சொன்னீர்கள்?

செடியா கோவை:
பார்க்கலாம் என்றேன்.

நாலாவது கியர்:
மறுபடியும்!

கரூர் மாமன்:
கியர், 1,500.