25 எழுத்து நீக்கம் இருந்தால் இதயநோய் உறுதியா?

கதிர்வேல்: எச்சில் அனுப்பிச் செய்யும் மரபணுப் பரிசோதனையில் என் தம்பிக்கு இதயத்தசைப் புரதம் ஒன்றை உருவாக்கும் எம்.ஒய்.பி.பி.சி.3 மரபணுவில் 25 டிஎன்ஏ எழுத்துகள் நீங்கியிருப்பதாக வந்திருக்கிறது. இதயத்தசை நோய் வருமாம். முப்பது வயது, எக்கோ (இதய ஸ்கேன்) நார்மல். வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. இதை எவ்வளவு நம்பலாம்?

செந்தூரன்: நம்பித்தான் ஆக வேண்டும். இந்த நீக்கத்தைப் பற்றி 2009-இல் நேச்சர் ஜெனெடிக்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது, ஐதராபாத்தில் உள்ள சிசிஎம்பி உயிரியல் ஆய்வு மையத்தின் தங்கராஜ் குழுவும் அதில் உண்டு. நீக்கம் உள்ளவர்களுக்கு இதயம் செயலிழக்கும் வாய்ப்பு சுமார் 7 மடங்கு என்றார்கள். முப்பதில் எக்கோ நார்மலாக இருப்பதை வைத்து நிம்மதியடைய முடியாது. இது பெரும்பாலும் நடுவயதுக்கு மேல் தலைகாட்டுவது.

மலர்விழி: அதே ஆய்வின் இன்னொரு எண்ணை விட்டுவிட்டீர்களே. இந்த நீக்கம் தெற்காசியர்களில் நூற்றுக்கு 4 பேரிடம் இருக்கிறது. அதாவது 500 பேரில் 20 பேர். இதயத்தசை தடிக்கும் நோயோ பொதுவாக 500-இல் ஒருவருக்குத்தான். அந்த ஒருவரும் நீக்கம் உள்ளவர் என்றே வைத்துக்கொள்வோம். மிச்சம் 19 பேர் நன்றாகத்தானே நடமாடுகிறார்கள்? மார்பகப் புற்றுநோயில் பிஆர்சிஏ1 என்ற மரபணுவில் மாற்றம் உள்ள பெண்களில் 80 வயதுக்குள் சுமார் 72 சதவீதம் பேருக்கு நோய் வருகிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

செந்தூரன்: உங்கள் கணக்கில் தசை தடிப்பது மட்டும்தான் இருக்கிறது, இதயம் செயலிழப்பது இல்லை. அறுபது வயதில் மூச்சு வாங்குகிறது என்று வருபவருக்கு சுகர், பிரஷர் என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அவருடைய மரபணுவை யார் பார்த்தார்கள்?

மலர்விழி: சரி, அது நியாயமான கேள்வி. ஆனால் 2020-இல் இதை மறுபடி ஆராய்ந்திருக்கிறார்கள். நீக்கம் உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு அதே மரபணுவில் இன்னொரு மாற்றமும் சேர்ந்தே வருகிறது. தசை தடிக்கும் ஆபத்து அதோடுதான் போகிறது, வெறும் நீக்கத்தோடு அல்ல. தம்பியின் ரிப்போர்ட்டில் அந்த இரண்டாவது மாற்றத்தைப் பார்த்தார்களா? பார்க்காமல் பயமுறுத்தியிருந்தால் அது பெரிய தப்பு.

செந்தூரன்: பார்க்கட்டும், நல்லதுதான். இல்லை என்றே வந்தாலும் சில வருடங்களுக்கு ஒருமுறை எக்கோ எடுக்கச் சொல்வேன். செயலிழப்புக் கேள்விக்கு அந்த 2020 ஆய்வு பதில் சொல்லவில்லை.

மலர்விழி: எக்கோவை நான் வேண்டாம் என்றேனா? கதிர்வேல், உங்கள் குடும்பத்தில் இளவயதில் திடீரென்று மயங்கி விழுந்தவர், இறந்தவர் உண்டா? அதை முதலில் இதய மருத்துவரிடம் சொல்லுங்கள். தம்பியின் ஆபத்தைக் கணிக்க அந்த எச்சில் ரிப்போர்ட்டைவிட அதுதான் உதவும்.