பார்க்கிங் சென்சாருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

காரைப் பின்னால் எடுக்கும்போது தடை நெருங்கினால் 'பீப்' என்று எச்சரிக்கும் பார்க்கிங் சென்சாரைத் தமிழில் எப்படி எழுதுவது என்று, ஓட்டுநர் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கும் நண்பர் போன வாரம் நம் குழுவில் கேட்ட கேள்விக்கு ஐந்து சொற்கள் வந்துவிட்டன. மீயொலி வாகன நிறுத்தல் உதவி அமைப்பு, நிறுத்துணரி, பின்னோக்கு உணரி, கேளாவொலித் தடைகாட்டி, வௌவால் கண். ஐந்தையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருமுனைப் பணிமனைக்குப் போனேன். அங்கே வேலை பார்க்கும் தம்பிகளிடம் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். முதல் சொல்லை நான் முடிப்பதற்குள் ஒருவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். "நிறுத்துணரி" என்றதும் இன்னொருவர், "பிரேக்குக்கு வர்ற ஏபிஎஸ் சென்சாரா சார்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நாம் லேசாக விட்டுவிடக் கூடாது. தமிழில் 'நிறுத்து' என்ற வினை இரண்டு வேலைகளைச் சுமக்கிறது. ஓடுகிற வண்டியை நிற்க வைப்பதும் நிறுத்துவதுதான், வண்டியைக் கொண்டுபோய் ஓரிடத்தில் விட்டுவிட்டு இறங்குவதும் நிறுத்துவதுதான். பிரேக்கை அழுத்தும்போது கூடுதல் விசை தரும் பிரேக் அசிஸ்ட் என்ற வசதியும் இன்றைய கார்களில் இருக்கிறது. அப்படியிருக்க, 'நிறுத்தல் உதவி' என்று கையேட்டில் அச்சிட்டால் வாசிப்பவர் எதை நினைத்துக்கொள்வார்? கலைச்சொல்லில் வரும் குழப்பம் மற்ற இடங்களில் வெறும் குழப்பம், கார் கையேட்டில் அது உயிர் சம்பந்தப்பட்டது.

பேச்சில் நாம் 'நிறுத்து' என்பதை அவ்வளவாகச் சொல்வதும் இல்லை. "வண்டிய எங்க விட்டிருக்க?", "ஓரமா போடு" என்கிறோம். 'விடு', 'போடு' இரண்டிலிருந்தும் சொல் ஆக்கிப் பார்த்தேன், அமையவில்லை. இலங்கையில் இதற்குப் பலகையிலேயே ஏறிவிட்ட சொல் இருக்கிறது: வாகனத் தரிப்பிடம். தரித்தல் என்றால் தங்குதல், நிலைகொள்ளுதல். தமிழ்நாட்டுக் காதுக்கு 'கருத்தரிப்பு' நினைவுக்கு வருகிறது என்று ஓர் அம்மா எழுதியிருந்தார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் 'தரிப்பிடம்' என்று முழுதாகக் கேட்கும்போது அந்த நினைவு வருவதில்லை, துணைச்சொல்தான் பொருளைத் தீர்மானிக்கிறது. பிரேக் போடுவதற்கு நிறுத்தல், பார்க்கிங்குக்குத் தரிப்பு என்று பிரித்துக்கொள்ள நமக்கு வாய்ப்பு இருக்கும்போது அதை விடுவானேன்?

இனி, 'மீயொலி', அதாவது நம் காதுக்கு எட்டாத உயர்ந்த ஒலி, பெயரிலேயே வர வேண்டுமா என்ற விவாதம். அதற்குக் கருவி என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். இந்தக் குழுவில் பலர் மொழிப் பக்கம் இருப்பவர்கள் என்பதால் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

காரின் பின்பக்க பம்பரில் பொத்தான் மாதிரி வட்ட வட்டமாகப் பதிந்திருக்கும், பெரும்பாலும் நான்கு. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மெல்லிய உலோகத் தகடு, அதன் முதுகில் ஒட்டிய பீங்கான் வில்லை. மின்னழுத்தம் கொடுத்தால் அந்த வில்லை நெளியும், நெளித்தால் மின்னழுத்தம் தரும். கியூரி சகோதரர்கள் 1880இல் படிகங்களில் கண்ட அழுத்தமின் விளைவு இதுதான். ரிவர்ஸ் கியர் போட்டதும் வில்லைக்கு ஒரு மில்லிநொடிக்கும் குறைவான நேரம் மின் துடிப்பு போகிறது. தகடு நொடிக்கு 40,000 முதல் 58,000 முறை வரை அதிர்கிறது. மனிதக் காது 20,000க்கு மேல் கேட்காது. அதனால்தான் அது மீயொலி. ஒலி போய்ச் சுவரில் பட்டுத் திரும்பி அதே தகட்டைத் தட்டுகிறது, தகடு இப்போது காதாகிவிடுகிறது. கட்டுப்பாட்டுப் பெட்டி நேரத்தை எண்ணுகிறது. 20 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும். சுவர் 1 மீட்டரில் இருந்தால் போக வர 2 மீட்டர், கிட்டத்தட்ட 5.8 மில்லிநொடி. கண் இமைக்கும் நேரத்தில் இதைப் பலமுறை செய்துவிடலாம்.

வெயில் ஏறினால் ஒலியின் வேகமும் ஏறும், டிகிரிக்குச் சுமார் 0.6 மீட்டர். 40 டிகிரி மதியத்தில் அது 355 மீட்டராகிவிடும். திருத்தாமல் கணக்கிட்டால் ஒன்றரை மீட்டரில் இருக்கும் சுவரைக் கருவி 5 சென்டிமீட்டர் கிட்டத்தில் இருப்பதாகச் சொல்லும். வெளி வெப்பநிலையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் கருவிகள் அதனால்தான் வந்தன.

ஒரு தகடு தூரத்தைத்தான் சொல்லும், திசையைச் சொல்லாது. பக்கத்துத் தகடுகளும் அதே எதிரொலியைக் கேட்டு, இரண்டு மூன்று தூரங்களை ஒப்பிட்டால்தான் தடை இடப்பக்கமா நடுவிலா என்று தெரியும். ஒன்று கூப்பிட மற்றொன்று கேட்கும் இந்த ஒலிக்கு 'குறுக்கெதிரொலி' என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

அப்புறம், எல்லாரும் தட்டுத் தடுமாறிய இடம்: மிகக் கிட்டத்தில் கருவிக்கு ஏன் ஒன்றும் தெரிவதில்லை? கோயில் மணியை அடித்துவிட்டுக் கையை எடுத்தாலும் ரீங்காரம் உடனே நிற்பதில்லை அல்லவா, தகடும் அப்படித்தான். துடிப்பை நிறுத்திய பிறகும் அது கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டிருக்கும். அது அடங்குவதற்குள் எதிரொலி வந்துவிட்டால், தன் சத்தத்தில் வந்த சத்தம் கேட்காது. அடங்க ஒரு மில்லிநொடி ஆனால், அதற்குள் ஒலி போய்த் திரும்பும் தூரம் சுமார் 17 சென்டிமீட்டர். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. இந்த நேரத்துக்கு 'அடங்குநேரம்' என்று சொல்லலாம். வினைத்தொகை, சுருக்கமாக இருக்கிறது, விளக்கமும் தேவையில்லை.

அந்தச் சாண் தூரத்துக்கு ஒரு நண்பர் 'குருட்டுப் பகுதி' என்று எழுதியிருந்தார். அதை ஏற்க எனக்கு மனமில்லை, காரணம் இரண்டு. இந்தக் கருவிக்குக் கண்ணே கிடையாது, அது கேட்டுத்தான் அறிகிறது. அந்த எல்லைக்குள் அதற்குக் காது கேட்பதில்லை, அவ்வளவுதான். இன்னொரு காரணம் இதன் வரலாறு. 1970களின் இறுதியில் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் பார்வையற்றவர்கள் தனியே நடமாட உதவும் கருவிகளை ஆராய்ந்துகொண்டிருந்த டோனி ஹேய்ஸ், அதே மீயொலி முறையைத் தன் காரில் பொருத்திப் பார்த்தார். பார்வையற்றவர்களுக்காக நடந்த வேலையில் பிறந்த ஒன்றின் குறைக்கு அவர்களையே உவமையாக்க வேண்டாம். 'கேளா எல்லை' என்பது சரியாகவும் இருக்கிறது, யாரையும் தொடவும் இல்லை.

'கேளாவொலி' என்ற சொல்லை விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. யானைகள் எழுப்பும் தாழ்ந்த ஒலியும் நமக்குக் கேட்பதில்லை. மேலே கேளாததையும் கீழே கேளாததையும் ஒரே சொல் சுட்டினால் எப்படி? பள்ளிப் பாடநூலில் இருக்கும் மீயொலியே இருக்கட்டும். ஒலியை மிஞ்சும் வேகத்துக்கும் 'மீயொலிவேகம்' என்று எழுதுவது தொல்லைதான், அதை 'ஒலிமிஞ்சு வேகம்' என்று மாற்றுவது தனி இழையில் பேச வேண்டியது.

சரி, பெயருக்கு வருகிறேன். மற்ற மொழிக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் இதை 'ரதார் தெ ரகூல்' என்கிறார்கள், பின்னோக்கு ரேடார் என்று பொருள். சீனத்திலும் 'தாவ்செ லெய்தா', அதுவும் ரேடார்தான். ஆனால் ரேடாரில் போய் வருவது ரேடியோ அலை, பம்பரிலிருந்து போவது ஒலி. முறையைப் பெயரில் வைக்கப்போய் தவறான முறையை வைத்துவிட்டார்கள், இனி மாற்ற முடியாது. ஜப்பானில் டொயோட்டா 1982இல் கொரோனா காரில் வைத்தபோது 'பேக் சோனார்' என்றது. சோனார் என்பது ஒலியை அனுப்பி எதிரொலியால் தூரம் அறிவது, அதனால் அதில் முறை சரி. ஜெர்மானியர் 'ஐன்பார்க்ஹில்ஃபெ' என்றதோடு நிறுத்திக்கொண்டார்கள். வண்டியை இடத்தில் விட உதவி, அவ்வளவே. ஒலியும் இல்லை, அலையும் இல்லை.

நான் ஜெர்மானியர் பக்கம். 2022 அக்டோபரில் டெஸ்லா நிறுவனம் தன் புதிய கார்களில் மீயொலி உணரிகளை நீக்கிவிட்டு கேமராக்களை மட்டும் நம்பப்போவதாக அறிவித்தது. அது நல்ல முடிவா இல்லையா என்பது வேறு பேச்சு. நமக்கு வேண்டியது இதுதான்: வசதி அப்படியே இருக்கிறது, உள்ளே இருந்த முறை போய்விட்டது. 'மீயொலி வாகன நிறுத்தல் உதவி அமைப்பு' என்று பெயர் வைத்திருந்தால் அந்தக் காரில் அதை எப்படி அழைப்போம்? செய்யும் வேலைக்கு ஒரு சொல், வேலையைச் செய்யும் உறுப்புக்கு ஒரு சொல் என்று பிரித்து வைத்தால் உறுப்பு மாறும்போது ஒன்று மட்டும் உதிரும்.

ஆகவே முழு வசதிக்கு 'தரிப்புத்துணை'. பம்பரில் இருக்கும் உறுப்புக்கு 'மீயொலி உணரி'. அது உணர்வதோடு கூப்பிடவும் செய்கிறதே என்று கேட்பீர்கள். ஆமாம், ஆனால் 'உணரி' ஏற்கெனவே ஊன்றிவிட்ட சொல், அதை அசைக்க வேண்டாம்.

'உதவி' இருக்க 'துணை' ஏன் என்றால், லாரி கிளீனரை நினைத்துப் பாருங்கள். பின்னால் நின்று, பாடியில் தட்டிக்கொண்டே, "வா வா... வரலாம்... ஒடிச்சு வா... இன்னும் ஒரு முழம் இருக்கு... ஒரு சாண்... நில்லு!" என்று சொல்பவர். ஸ்டியரிங் ஓட்டுநர் கையில்தான் இருக்கும், கிளீனர் துணை. இந்தக் கருவியும் அதே வேலையைத்தான் செய்கிறது. தட்டுக்கும் தட்டுக்கும் இடைவெளி குறையக் குறைய ஓட்டுநரின் கால் பிரேக்குக்குப் போவது போல, பீப் பீப் என்ற ஒலியும் நெருங்கி நெருங்கி வந்து, சுமார் 30 சென்டிமீட்டரில் விடாமல் ஒலிக்கிறது. அந்த ஒலிக்கு 'நெருங்கொலி' என்று ஒரு சொல்லைப் பரிந்துரைக்கிறேன். தடை நெருங்குவதைச் சொல்லும் ஒலி, தானும் நெருங்கிக்கொண்டே வரும் ஒலி. இந்தச் சொல்லைக் கேட்டதும் பணிமனைத் தம்பிகள் உடனே புரிந்துகொண்டார்கள். இரண்டாம் முறை நான் போனபோது ஒருவர் தானாகவே, "சார், இந்த வண்டியில நெருங்கொலி வரல" என்றார். அன்று முழுக்க மனம் நிறைந்திருந்தது.

'துணை' என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, கொஞ்சம் கசப்பானது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு திருமண மண்டப வாசலில் பின்னால் எடுத்தேன். ஒலி ஏதும் வரவில்லை என்று தைரியமாக வந்தேன். இரண்டு கட்டைக் கம்பங்களுக்கு நடுவே தொங்கிய மெல்லிய சங்கிலியை இழுத்துக்கொண்டு நின்றது வண்டி. ஒரு கம்பம் சாய்ந்தது, அருகில் நின்ற சிறுமி நல்லவேளையாக விலகிக்கொண்டாள். தப்பு என் மேல்தான். சங்கிலி, கம்பிவலை, ஒல்லிக் கம்பி இவற்றில் பட்டுத் திரும்பும் ஒலி மிகச் சொற்பம். பஞ்சு, கனத்த துணி ஒலியைக் குடித்துவிடும். சாய்ந்த பரப்பு ஒலியை வேறு பக்கம் தள்ளிவிடும். தாழ்ந்த நடைபாதைக் கல் ஒலிக்கற்றையின் கீழே தப்பிவிடும். தரையே எதிரொலித்துத் தொல்லை தராமல் இருக்க அந்தக் கற்றையைப் பக்கவாட்டில் அகலமாகவும் மேல்கீழாகக் குறுகலாகவும் அமைத்திருக்கிறார்கள். சேறு அப்பினால் உணரி அடைத்துக்கொள்ளும். பக்கத்தில் ஒரு பேருந்து ஏர் பிரேக்கை 'புஸ்' என்று விட்டால் அதிலும் மீயொலி கலந்திருக்கும், கருவி ஏமாறலாம். 'தடைகாட்டி' என்று பெயர் வைத்தால் எல்லாத் தடையையும் காட்டும் என்று மக்கள் நம்புவார்கள். துணை என்றால் அந்த நம்பிக்கை அளவோடு நிற்கும்.

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் தயாராகும் பயணியர் கார்களில் பின்பக்க உணரிகள் கட்டாயமாகிவிட்டன. விலை குறைந்த காரிலும் இருக்கிறது, புதிதாக ஓட்டப் பழகுகிறவர்கள் முதல் நாளே இந்த ஒலியைக் கேட்கிறார்கள். சொல் வைப்பதற்கு இதைவிடத் தாமதிக்க முடியாது.

நண்பரின் கையேட்டுக்கு இப்படி எழுதிப் பார்த்தேன்: "பின்கியர் போட்டதும் தரிப்புத்துணை இயங்கத் தொடங்கும். தடையை நெருங்க நெருங்க நெருங்கொலி விரைவாகும், விடாமல் ஒலித்தால் உடனே நிற்கவும். ஒரு சாணுக்கும் குறைவான தூரம் உணரிகளின் கேளா எல்லை. சங்கிலி, ஒல்லிக் கம்பம், தாழ்ந்த கல் ஆகியவற்றை மீயொலி உணரி அறியாமல் போகலாம். கண்ணாடியிலும், தேவைப்பட்டால் இறங்கியும் பார்த்துக்கொள்ளவும். உணரிகளில் சேறு படியாமல் துடைத்து வைக்கவும்."

தானே ஸ்டியரிங்கைத் திருப்பி வண்டியை இடத்தில் விடும் வசதிக்கு மட்டும் எனக்குச் சொல் அமையவில்லை. 'தன்தரிப்பு' என்று எழுதி எழுதி அடித்துவிட்டேன், வாயில் ஒட்டுகிறது. இலங்கை நண்பர்கள் அதற்கு என்ன சொல்கிறார்கள் என்று எழுதினால் அதையும் பணிமனையில் படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்