ரிமோட் சென்சிங்கில் பிஎச்டி: ஏரி, நீர்நிலை தலைப்பு எடுப்பவர்கள் கவனத்துக்கு

நீர்க்கோழி:
பிஎச்டிக்கு விண்ணப்பிக்கும்போது தரும் சினாப்சிஸ்களில் (ஆய்வுச் சுருக்கம்) அடிக்கடி வரும் தலைப்பு, ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை வைத்துச் சென்னைப் பக்கத்து ஏரிகளின் நீர்ப்பரப்பு மாற்றம். நேர்காணலில் முதல் கேள்வியிலேயே இது ஆட்டம் காணும். ஏரி நிரம்புவதே வடகிழக்குப் பருவமழையில்தான், அப்போது வானம் மூடிக் கிடக்கும். ஐந்து நாளுக்கு ஒரு படம் என்பது ஏட்டளவில் சரி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இறக்கிப் பாருங்கள், வரிசையாக மேகம்தான்.

அதனால் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படங்களையும் சேர்த்தே ஆகணும். அதிலும் வில்லங்கம் உண்டு. ஒரு செயற்கைக்கோள் அதே பாதைக்குத் திரும்ப 12 நாள். அதற்குள் வெள்ளம் வடிந்துவிடும். காற்றடித்து நீர் அலைந்தால் சிதறித் திரும்பும் ரேடார் அலை கூடி, தண்ணீர் தரை மாதிரித் தெரியும். ரேடார் அலையைச் செங்குத்தாக அனுப்பிச் செங்குத்தாகவே வாங்கும் விவி-யைவிட, கிடைமட்டமாக வாங்கும் விஎச்-சில் இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு. ஆகாயத்தாமரை மூடிய பகுதியைச் சென்டினல்-1, சென்டினல்-2 இரண்டுமே நீர் என்று காட்டாது. அதை எப்படிப் பிரிப்பீர்கள் என்று ஒரு பத்தி எழுதினாலே சினாப்சிஸ் தேறும். ஆராய்ச்சியே அங்கேதான் இருக்கிறது.

வெள்ளோடை:
தாவரம் என்றதும் இதையும் சொல்லிடறேன். 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 படங்களின் பிக்சல் எண்களில் 1000 கூட்டியே தருகிறார்கள். கழித்துவிட்டுத்தான் 10,000-ஆல் வகுக்கணும். அகச்சிவப்பு 3000, சிவப்பு 500 என்றால் என்டிவிஐ (தாவரப் பசுமையைக் காட்டும் குறியீடு) 0.71. கழிக்க மறந்தால் 4000, 1500 ஆகி 0.45-க்கு விழும். பசுமை அழிந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவோம்! கூகுளின் எர்த் எஞ்சினில், அந்த 1000-ஐக் கழித்தே வைத்திருக்கும் 'ஹார்மனைஸ்டு' தொகுப்பை எடுத்தால் இந்தத் தலைவலி இல்லை. நேரடியாக இறக்குபவர்கள் ஒவ்வொரு படத்தோடும் வரும் விவரக் கோப்பையும் (மெட்டாடேட்டா) பார்க்கணும். பழைய படங்களையும் மறுபடி பதப்படுத்தி வெளியிடுவதால் தேதியை மட்டும் நம்ப முடியாது.

தென்கரை:
சேரும் வழி பற்றியும் கொஞ்சம். 2022 முதல் பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வில் ஜியோமேட்டிக்ஸுக்கு (நில அளவை, ரிமோட் சென்சிங் சார்ந்த துறை) தனித் தாள் உண்டு. 2024 ஜூன் முதல் யுஜிசி நெட் தகுதித் தேர்வில் 'பிஎச்டி மட்டும்' என்று ஒரு பிரிவு வந்திருக்கு. அந்த மதிப்பெண் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும், உதவித்தொகையும் அதோடு வராது. ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000, பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி.

வெளிநாடு என்றால் ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் மேரி கியூரி பிஎச்டி இடங்களில் பலர் தடுக்கி விழுவது ஒரே விதியில். சேரும் தேதிக்கு முந்தைய 36 மாதத்தில், சேரப்போகும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் ரிமோட் சென்சிங் சொல்லித்தரும் ஐடிசியில் இரண்டு வருஷ எம்எஸ்சி முடித்த கையோடு அங்கேயே போட்டால் தகுதியில்லை, எவ்வளவு நல்ல ப்ராஜெக்ட்டாக இருந்தாலும். ஜெர்மனிக்கோ பெல்ஜியத்துக்கோ போடலாம். ஐடிசியின் சாதாரண பிஎச்டி பணியிடங்களுக்கு இந்த விதி கிடையாது. அங்கே அது சம்பள வேலை, விளம்பரத்தில் கேட்டிருக்கும் தகுதிகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதணும். 'ஏதாவது இடம் இருக்கிறதா' என்று பொதுவாக அனுப்பும் மெயிலை யாரும் திறப்பதில்லை.