சென்னை துறைமுகம்–மதுரவாயல் மேம்பாலச் சாலை: 2009ல ஒரு விலை, 2022ல ஒரு விலை. எப்படி?

அம்பத்தூர்வாசி:
2009ல அடிக்கல் நாட்டினப்போ 2,000 கோடிக்குள்ளதான் கணக்கு. 2022ல திரும்பவும் அடிக்கல், 5,850 கோடிக்கு மேல. நடுவுல கூவத்துல மொட்டைத் தூணா நின்னுச்சு. வீடு கட்டுற எனக்கு மேஸ்திரி சொன்ன கணக்கு ஒன்றரை மடங்கு ஆச்சு, சரி. அங்க இன்ஜினியர் பட்டாளமே இருக்கே?

பழைய எஸ்டிமேட்காரன்:
தம்பி, முப்பது வருஷம் எஸ்டிமேட் போட்ட கை இது. முதல்ல, அப்போ போட்டதும் இப்போ வர்றதும் ஒரே சாலை இல்ல. இப்போ வர்றது ரெண்டடுக்கு. பழைய வேலை 2012ல கூவத்துத் தூண் தகராறுல நின்னுச்சு. வேலைதான் நின்னுச்சு, கம்பி விலை நிக்கல.

அப்புறம் மண். ஒரு மழைநீர் வடிகாலுக்கு முந்நூறு மீட்டருக்கு ஒண்ணுன்னு போர்ஹோல், அதான் மண்ணைப் பார்க்கத் துளை, போட்டோம். ரெண்டுலயும் களிமண். நடுவுல தோண்டினா பாறை. அதைத் தாண்டினா எந்த வரைபடத்துலயும் இல்லாத குடிநீர்க் குழாய், அதுக்குப் பக்கத்துலயே கரண்ட் கேபிள். எதிர்பாராத செலவுன்னு நான் பத்து சதவீதம் எழுதியிருந்தேன். மேலதிகாரி சிவப்பு மையில ரெண்டரையாக்கிட்டார். "கூடப் போட்டா ஃபைல் நகராதுய்யா." நகர்ந்துச்சு. கடைசி பில் நாப்பது சதவீதம் ஏறி வந்தப்போ அவர் வேற மாவட்டத்துல இருந்தார். விளக்கக் கடிதம் எழுதினது நான்.

ஆதம்பாக்கம் அக்கா:
வேளச்சேரி–பரங்கிமலை பறக்கும் ரயில் எங்க பக்கம்தான். மொத்தமே அஞ்சு கிலோமீட்டர். 495 கோடின்னு ஆரம்பிச்சு 730 கோடிக்குப் போச்சு. அரை கிலோமீட்டர் நிலத்துக்குக் கோர்ட் கேஸ். ரெண்டு பக்கமும் பாலம் வந்து, நடுவுல வெறும் வானம், வருஷக்கணக்கா. என் பையன் ஸ்கூல் சேர்ந்ததே அதைப் பார்த்துக்கிட்டுதான், காலேஜும் முடிச்சிட்டான். வீட்டுக்காரர் கேஸ் போடுவாரான்னு எந்த போர்ஹோல் சொல்லும்?

அம்பத்தூர்வாசி:
அப்போ மெட்ரோ ரெண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டருக்கு 63,246 கோடின்னு, அந்த 46 வரைக்கும் எப்படி சார் சொல்றாங்க?

பழைய எஸ்டிமேட்காரன்:
ஆயிரம் வரியைக் கூட்டினா கடைசியில ஏதாவது ஒரு 46 வரத்தான் செய்யும். நானும் பைசா வரைக்கும் எழுதியிருக்கேன். ரவுண்டா எழுதினா ஆடிட்டுல கேப்பாங்க.

அது கிடக்கட்டும். உங்க மேஸ்திரி கணக்குல மதில்சுவரும் செப்டிக் டேங்கும் இருக்கான்னு பார்த்தீங்களா?

அம்பத்தூர்வாசி:
இல்ல சார். ரெண்டும் இல்ல.