சுக்கான் மண்ணில் கடலை மஞ்சளாகிறது: சூடோமோனாஸ் கொடுத்தால் இரும்பு ஏறுமா?

கடலைக்காடு:
30 நாள் நிலக்கடலை, இறவை. சுக்கான் மண் (சுண்ணாம்பு மிகுந்தது), பி.எச். (கார அமில நிலை) 8.4. கொழுந்து இலைகள் வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. அடி இலைகளில் குறையில்லை. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவைப் போட்டால் வேர் இரும்பை எடுத்துக்கொள்ளும் என்கிறார்கள். அது எப்படி நடக்கிறது, எவ்வளவு போடவேண்டும்?

வேரடி:
இரும்புக் குறைபாடுதான். தழைச்சத்துக் குறை என்றால் அடி இலை முதலில் பழுக்கும். சந்தேகம் தீர, அன்னபேதிக் (இரும்பு சல்பேட்) கரைசலை நாலைந்து இலையில் தடவி ஒரு வாரம் பாருங்கள்; தடவிய இடம் பச்சை கட்டும்.

மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை. ஃபெரிக் என்ற கரையாத வடிவில் துருவாகக் கிடக்கிறது, அவ்வளவுதான். பி.எச். ஒன்று ஏறினால் அதன் கரைதிறன் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். கடலை வேர் அமிலம் கசியவிட்டு, ஃபெரிக்கை ஃபெரஸ் என்ற கரையும் வடிவாக மாற்றித்தான் உறிஞ்சும். சுக்கான் மண்ணின் பைகார்பனேட் அந்த அமிலத்தை வேரோரத்திலேயே முறித்துவிடுகிறது. தண்ணீர் தேங்கினால் மண்ணில் கரியமிலவாயு அடைபட்டு பைகார்பனேட் இன்னும் கூடும். அதனால்தான் மழை விடாமல் பெய்தபின் வயல் திடீரென்று மஞ்சளாகிறது. முதல் வேலை வடிகால்.

வேர்க்கசிவைத் தின்று வாழும் சூடோமோனாஸ், இரும்பு கிடைக்காதபோது சிடரோஃபோர் என்ற, இரும்பைக் கவ்வும் பொருளைச் சுரக்கும். ஃப்ளூரசன்ஸ் வகை சுரப்பது பயோவெர்டின். புற ஊதா ஒளியில் மின்னும், ஃப்ளூரசன்ஸ் என்ற பெயரே அதில் வந்ததுதான். அது ஃபெரிக்கை இறுகக் கவ்வி நீரில் கரைந்து நிற்க வைக்கிறது.

உவர்நிலம்:
ஒரு திருத்தம். பாக்டீரியா அதைச் சுரப்பது தன் வயிற்றுக்கு, செடிக்காக அல்ல. அரபிடாப்சிஸ் என்ற ஆய்வுக்கூடச் செடியில் செய்த சோதனையில் பயோவெர்டினோடு சேர்ந்த இரும்பு செடிக்குள் ஏறியது உண்மை. ஆனால் சுண்ணாம்பு மிகுந்த வயலில் அதை மட்டும் நம்பி மஞ்சளைத் தீர்க்க முடியாது. புல் வகைப் பயிர்களின் வேரோ சிடரோஃபோரைத் தானே சுரக்கும். மக்காச்சோளத்தை ஊடுபயிராக்கினால் பக்கத்துக் கடலைக்கும் இரும்பு கிடைக்கிறது என்று சீனத்து ஆய்வுகள் காட்டின. அடுத்த போகத்துக்கு யோசியுங்கள்.

வேரடி:
சரிதான். ஆகவே இப்போதைக்குத் தெளிப்பு. 10 லிட்டர் தண்ணீரில் முதலில் 10 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்), அது கரைந்தபின் 50 கிராம் அன்னபேதி. வரிசை மாறினால் கடின நீரில் இரும்பு பழுப்பேறிப் படிந்துவிடும். பழுப்பான கரைசலைத் தெளித்துப் பயனில்லை. மாலையில் அடியுங்கள், 10 நாள் இடைவெளியில் மறுபடி. அன்னபேதியை மண்ணில் கொட்டுவது வீண், சில நாளில் அதுவும் துருதான். இரும்பைக் கவ்விக் கரைந்த நிலையில் வைக்கும் இரும்பு இ.டி.டி.ஏ. உரமும் இந்த பி.எச்.சில் நிற்காது, கால்சியம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மண்ணில் இடவேண்டுமானால் அதே வகையில் இன்னும் இறுகக் கவ்வும் இ.டி.டி.எச்.ஏ. வடிவம், விலை கடிக்கும்.

சூடோமோனாஸ்: ஏக்கருக்கு 1 கிலோ, 20 கிலோ மட்கிய தொழு உரத்தில் கலந்து, ஈரமுள்ள மண்ணில் வேரோரமாக.

கடலைக்காடு:
நன்றி. அடுத்த முறை விதையிலேயே போடலாமா? கார்பெண்டாசிம் என்ற பூஞ்சாணக்கொல்லி கலப்பது வழக்கம்.

உவர்நிலம்:
போடலாம். கிலோ விதைக்கு 10 கிராம், ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, நிழலில் அரை மணி உலர்த்துங்கள். பூஞ்சாணக்கொல்லி முதலில், பாக்டீரியா 24 மணி நேரம் கழித்து. கையில் அழுத்தித் தேய்க்கவேண்டாம். கடலைத் தோல் உரிந்தால் முளைப்பு போய்விடும்.