23 பிள்ளைகள் படிக்கும் பள்ளியா, நாலு செக்‌ஷன் பள்ளியா? பார்த்ததைச் சொல்லுங்கள்

வெண்ணாற்றுக்கரை:
கணவருக்கு மாற்றலாகி நீடாமங்கலம் பக்கம் வந்திருக்கிறோம். மகள் ஜூனில் ஒன்றாம் வகுப்பு. நடந்து போகும் தூரத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இருக்கிறது. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 23 பிள்ளைகள், இரண்டு டீச்சர். இன்னொன்று வேனில் முக்கால் மணி நேரம் போக வேண்டிய மெட்ரிக் பள்ளி. ஒன்றாம் வகுப்பே நாலு செக்‌ஷன். மாமியார் வேன் பள்ளிதான் என்கிறார். ஏன் என்றால், "எல்லாரும் அங்கதான விடுறாங்க" என்கிறார். அறிவுரை நிறையக் கேட்டாயிற்று. உங்கள் வீட்டில் நடந்தது என்ன?

திருச்சி அம்மா:
என் பையன் பெரிய பள்ளிதான். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். செஸ், சிலம்பம் எல்லாம் பள்ளிக்குள்ளேயே. ஒரு மிஸ் லீவு போட்டால் இன்னொரு மிஸ் வந்துவிடுவார். ஒரு பையனோடு சண்டை முற்றியபோது செக்‌ஷன் மாற்றிக் கொடுத்தார்கள், அதோடு தீர்ந்தது. சின்னப் பள்ளியில் மாற்ற ஏது செக்‌ஷன்?

இரண்டாம் வகுப்பில் அவனுக்குக் கரும்பலகை எழுத்து தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவன் நோட்டைப் பார்த்து எழுதியிருக்கிறான். டைரியில் வந்தது "காப்பி அடிக்கிறான், கண்டிக்கவும்". டி.வி.யை ஒட்டிப் போய் நிற்பதைப் பார்த்து நாங்களாகத்தான் கண் டாக்டரிடம் கூட்டிப் போனோம். வகுப்பில் 42 பேர். அந்த மிஸ்ஸைத் திட்ட மனசு வரவில்லை. ஆனால் அந்த டைரியை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான்.

பழைய வாத்தியார்:
சகோதரிக்கு வணக்கம். நான் ஈராசிரியர் பள்ளிகளிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாத ஒரு கணக்கைச் சொல்கிறேன். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று. ஆக 23 பேர் உள்ள பள்ளிக்கும் இரண்டு பேர்தான், 58 பேர் உள்ள பள்ளிக்கும் இரண்டு பேர்தான். ஊரில் இரண்டையும் "சின்னப் பள்ளி" என்றே சொல்வார்கள். இரண்டிலும் இருந்திருக்கிறேன். 58 பேர் பள்ளியில் சாயங்காலம் தொண்டை கட்டிப் போகும். ஒன்று, இரண்டு, மூன்று எனக்கு. நாலு, ஐந்து ஹெச்.எம்.முக்கு. மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு கொடுத்துவிட்டுத் திரும்பினால், ஒன்றாம் வகுப்பு எழுந்து வாசலுக்குப் போயிருக்கும்.

இருபது சொச்சம் பேர் என்றால் கதையே வேறு. எவன் நேற்று ராத்திரி சாப்பிடவில்லை, எவள் 'ற'வுக்கும் 'ர'வுக்கும் குழம்புகிறாள் என்பதெல்லாம் பரீட்சை வைக்காமலே தெரியும். 2007-08இல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தது. பாடத்தைச் சின்னச் சின்னப் படியாகப் பிரித்த ஏணிப்படி, பிள்ளை தானே எடுத்துப் படிக்கும் அட்டைகள், பாயில் உட்கார்ந்து படிப்பது, பிள்ளை உயரத்தில் கரும்பலகை. பெரிய பள்ளி ஆசிரியர்கள் நிறைய முணுமுணுத்தார்கள். எனக்கு அது நிம்மதி. அதன் வேர் ஆந்திராவில் ரிஷிவேலியைச் சுற்றியுள்ள ஓராசிரியர் கிராமப் பள்ளிகளில் இருக்கிறது. பல வகுப்புகள் ஓர் அறையில் இருந்தால் என்ன செய்வது என்று யோசித்து உண்டானதை, வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருந்த இடத்திலும் கொண்டுபோய் வைத்தால் முணுமுணுக்காமல் என்ன செய்வார்கள்?

குறையும் உண்டு. ஒருவர் வட்டார வள மையத்துக்குப் பயிற்சிக்கோ மாற்றுப் பணிக்கோ போய்விட்டால், மிச்சம் ஒருவர், ஐந்து வகுப்பு. அன்றைக்குப் பாடம் நடந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்புறம் ஆசிரியர் சரியில்லை என்றாலும் தப்பிக்க வழியில்லை. மூன்று வருஷமும் அவரேதான்.

கொரடாச்சேரி தம்பி:
வாத்தியார் சொன்ன மாதிரி பள்ளியில் படித்தவன் நான். என் வகுப்பில் மொத்தம் நாலு பேர். நான் ஃபர்ஸ்ட் ரேங்க் என்று ஊரெல்லாம் பேச்சு! ஆறாம் வகுப்புக்கு டவுன் பள்ளிக்குப் போனதும் முதல் மாதம் வாயே திறக்கவில்லை. படிப்பு பிரச்சினை இல்லை. காலை வழிபாட்டில் அத்தனை பேரை ஒன்றாகப் பார்த்ததுதான் மிரட்டியது. தீபாவளி வருவதற்குள் பழகிவிட்டது. ஆனால் எழுத்துக்கூட்டாமல் வாசிக்க நான் அந்த நாலு பேர் வகுப்பில்தான் கற்றேன். டவுன் பள்ளியில் என் பக்கத்தில் இருந்தவன் ஆறாம் வகுப்பிலும் தடுமாறினான்.

கணக்குப்புலி:
ஒரு குறுக்கீடு. பள்ளி அளவும் வகுப்பு அளவும் ஒன்றில்லை. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் 1985 முதல் 1989 வரை பெரிய ஆய்வு நடத்தினார்கள். 13 முதல் 17 பேர் உள்ள வகுப்பு, 22 முதல் 25 பேர் உள்ள வகுப்பு என்று பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சின்ன வகுப்பில் இருந்தவர்கள் வாசிப்பிலும் கணக்கிலும் முந்தினார்கள். அங்கே "பெரிய வகுப்பு" என்றதே 25 பேர்தான். ஆனால் அது ஒரு வகுப்பு ஓர் அறையில் இருக்கும் கணக்கு. மூன்று வகுப்பு ஓர் அறையில் இருப்பதற்கு அதை அப்படியே பொருத்த முடியாது. வேனில் போக வர ஒன்றரை மணி நேரம் என்பதையும் கணக்கில் சேருங்கள். ஆறு வயசுக் குழந்தை.

வெண்ணாற்றுக்கரை:
எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, நேற்றுக் காலை சொல்லாமல் கொள்ளாமல் பள்ளிக்குப் போனேன். காலை உணவு முடிந்து தட்டு கழுவிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் இரண்டு பேரும் இருந்தார்கள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒன்றாம் வகுப்புக்கு அட்டையை வைத்து எழுத்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். அது நல்லதா, டீச்சர் வேலையை அவன் தலையில் கட்டுகிறார்களா என்று எனக்குப் புரியவில்லை. இன்னொன்று, ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேரப்போகிறவர்களில் பெண் பிள்ளை இவள் மட்டும்தான்.

பழைய வாத்தியார்:
கொஞ்ச நேரம் என்றால் நல்லது, சொல்லிக்கொடுக்கிறவனுக்கும் பாடம் உறைக்கும். தினமும் அவனேதான் என்றால் ஹெச்.எம்.மிடம் கேளுங்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை, கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மற்றதற்கு, இரண்டாம் மூன்றாம் வகுப்பில் பெண் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று பாருங்கள். இந்தப் பள்ளிகளில் சிநேகிதம் வகுப்புப் பார்த்து வருவதில்லை.

வெண்ணாற்றுக்கரை:
இரண்டாம் வகுப்பில் இரண்டு பேர் இருக்கிறார்கள் ஐயா. அதில் ஒருத்தி எங்கள் தெருவேதான். வேன்காரர் ஞாயிற்றுக்கிழமைக்குள் அட்வான்ஸ் கேட்டார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை.